வெர்னா சொன்ன இடம்

கார்னெட் ஏரியில் பிக்கரல் மீன் எங்கே கடிக்கும் என்று வெர்னா டுச்சாக்கிடம் யாரும் கேட்பதில்லை. அவளுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். கர்ப்பப்பையை ஏன் எடுத்தார்கள் என்றுகூடக் கேட்கலாம். அதற்கும் பதில் சொல்லிவிடுவாள். மீன் கிடைக்கும் இடத்தை மட்டும் கேட்கக் கூடாது. அது ஊருக்கே தெரிந்த மரியாதை.

வெர்னாவுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். விடியுமுன் கோதுமை வயல்களுக்கு நடுவே நாற்பது மைல் சுற்றி, பண்ணை வீட்டுப் பிள்ளைகளை ஏற்றி வந்து இறக்குவாள். மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவாள். குளிர்காலத்தில் இந்த இரண்டு நடைக்கும் நடுவில் கிடைக்கும் ஆறு மணி நேரமும் அவள் உறைந்துபோன ஏரியின் மேல்தான் இருப்பாள். பனியைத் துளைத்து, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, துளைக்குள் தூண்டிலை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் கிடப்பாள். அவள் புருஷன் மைரோனுக்கு மீனும் பிடிக்காது, குளிரும் பிடிக்காது. "ஃபிரீசருக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு ஃபிரீசருக்கு மீன் தேடுறா" என்பான்.

ஏரி நடுவில் தண்ணீருக்கடியில் ஒரு கல்மேடு இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. தேவாலயத்தின் வெள்ளிக் குவிமாடம் தானியக் கிடங்கின் மூலைக்குப் பின்னால் மறையும் கோட்டில் நடந்து, தெற்குக் கரையின் ஒற்றைப் பாப்ளார் மரம் சரியாக வலத்தோளுக்கு வரும்போது நிற்க வேண்டும். அங்கே துளையிட்டால் பதினேழு அடி ஆழத்தில் மீன் இருக்கும். இரண்டு குளிர்காலம், நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு அவளாகக் கண்டுபிடித்த இடம் அது. அதற்கு முன்னால் அவளுக்கு வடக்கு வளைவில் வேறோர் இடம் இருந்தது. ஒருவன் அங்கே பிடித்த மீனைப் படமெடுத்து போனில் ஊருக்கெல்லாம் காட்டினான். அடுத்த வாரமே நகரத்திலிருந்து முப்பது வண்டிகள் வந்து இறங்கின. இரண்டு வாரத்தில் அந்த வளைவு வழித்தெடுத்த சட்டி மாதிரி ஆனது. அதிலிருந்து வெர்னா வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

பிரைஸ் டேவ்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. முப்பத்தைந்து வயது. தானியக் கிடங்கில் வேலைக்கு வந்து நான்கு மாதந்தான் ஆகியிருந்தது. அவன் மனைவி கோரின் பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். ஆள் நல்லவன், கொஞ்சம் அதிகமாகவே நல்லவன். எதிரே வருகிற எல்லா வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து கையையே எடுத்து ஆட்டுவான். இந்த ஊரில் ஒரு விரலைத் தூக்கினால் போதும். கூட்டுறவு பெட்ரோல் பங்கின் காப்பி மூலையில் வயசான விவசாயிகள் தினமும் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். அங்கே டோனட் பெட்டியோடு வந்து நிற்பான். டோனட்டை எடுத்துக்கொள்வார்கள், நாற்காலியை யாரும் நகர்த்தித் தரமாட்டார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் காலை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. பஸ்ஸை நிறுத்திவிட்டு வெர்னா காப்பிக்கு வந்திருந்தாள். பிரைஸ் நேராக அவளிடம் வந்தான்.

"வெர்னா, உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். மூணு வாரமா ஏரிக்குப் போறேன், ஒரு குஞ்சுகூடக் கடிக்கல. நீங்க வாளி வாளியா அள்ளுறீங்களாமே. எங்கன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

மூலையில் பேச்சு நின்றது. லாடி பொகோரில் என்கிற கிழவர் காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே பிடித்திருந்தார். தொப்பிக்குக் கீழே அவர் கண் இரண்டும் மின்னின.

"தெரியாம கேட்டுட்டான், பாவம்" என்றார். "சொல்லேன் வெர்னா. புதுப் பையன்."

சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் அவள் வழக்கம். ஆனால் அன்று எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, போன வாரம் தன் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு புதுத் தடம் கல்மேட்டுக்கு அரை மைல் வரைக்கும் வந்து நின்றிருந்ததை அவள் பார்த்திருந்தாள். அது இவன் பூட்ஸ்தான். அவள் காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"ஓடைவாய் தெரியுமா? கிழக்குக் கோடியில, ஓடை வந்து ஏரியில விழுற இடம்?"

"நாணல் நிக்குமே, அங்கயா?"

"நாணல் முடியுற எடத்துல ரெண்டு வில்லோ மரம் இருக்கும். ரெண்டாவது மரத்துலருந்து ஏரிப்பக்கமா அறுபது அடி எண்ணிக்க. இளஞ்சிவப்புத் தூண்டில் போடு. சேத்துலருந்து ஒரு அடி தூக்கி வை. நாலு மணிக்கு மேலதான் கடிக்கும். அதுக்கு முன்னாடி போய் உக்காந்து குளிர்ல சாகாத."

பொய்க்குக் கைகால் வைத்தால்தான் அது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிரைஸ் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பில்லின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

"இன்னொண்ணு" என்றாள் வெர்னா. "போட்டோ கீட்டோ எடுத்துப் போட்டியோ, தொலைச்சிடுவேன். யாருக்கும் மூச்சு விடக் கூடாது."

"சத்தியமா. கோரின்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் மூலை வெடித்தது. லாடிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அறுபது அடியாம்! எங்க அப்பா காலத்துலருந்து அந்தச் சேத்துல தவளையத் தவிர ஒண்ணும் கெடச்சதில்லடி!" வெர்னாவும் சிரித்தாள். இரண்டு நாள் காய்வான், சலித்துப்போய் விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தாள். ஜனவரியில் ஓடைவாயிலும் பனி இரண்டடிக்கு மேல் இருந்தது. ஆபத்து என்ற எண்ணமே யாருக்கும் எழவில்லை.

அவன் விடவில்லை. பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸின் கண்ணாடியைத் தட்டினான். "கெடச்சுது வெர்னா! நாலே காலுக்கு. நீங்க சொன்ன மாதிரியே!" இரண்டு கைகளுக்கும் நடுவே அவன் காட்டிய அளவு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. பாதை தவறி வந்த குட்டி மீன். அதைத் திரும்ப விட்டுவிட்டதாகச் சொன்னான். அதற்குப்பின் வாரம் இரண்டு மூன்று தடவை, கிடங்கு வேலை முடிந்ததும் அவன் வண்டி கிழக்குக் கோடியில் தனியாக நிற்பதை, மாலை நடை முடித்துத் திரும்பும்போது அவள் பஸ்ஸிலிருந்து பார்ப்பாள். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டாள்.

மார்ச் பிறந்தது. பகலில் கூரைகள் சொட்டத் தொடங்கின. ஏரி நடுவில் இன்னும் மூன்றடிப் பனி இருந்தது. அதன்மேல் லாரியே ஓட்டலாம். ஓடைவாய் சங்கதி வேறு. வயல்களில் உருகும் பனி முதலில் ஓடையில்தான் இறங்கும். அது மேலே தெரியாது. அடியில் ஓடி, ஏரிப் பனியைக் கீழிருந்து அரித்துக்கொண்டே வரும். மேலே அதே வெள்ளை இருக்கும், கீழே ஒன்றுமிருக்காது. மார்ச் முதல் வாரத்துக்கு மேல் அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் நாயைக்கூட விடமாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்.

மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும். வெர்னா பங்கில் காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குழாயில் பிரைஸின் நீல வண்டி. பின்னால் துளைக்கருவி, வாளி, மடக்கு நாற்காலி.

"இந்த வருஷத்துக்குக் கடைசித் தடவை" என்றான். "கோரின் கடுகடுன்னு இருக்கா. ஒரு நல்ல மீனாவது கொண்டு வந்து வாயடைக்கணும்."

அந்த நேரம் லாடி கடையிலிருந்து வெளியே வந்து, அவர்கள் இருவரையும் பார்த்து, வெர்னாவை நோக்கி ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவள் நாக்கு நுனியில் ஏதோ இருந்தது. ஓடைவாய்க்குப் போகாதே என்று சொன்னால் ஏன் என்பான். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், லாடி முன்னால், நடுத்தெருவில். தண்ணீர் கசிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாமலா போகும், அவனே திரும்பி வந்துவிடுவான் என்று தோன்றியது.

"பாத்து" என்றாள்.

"சரி!" என்று கையை ஆட்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் ஆறரைக்குப் போன் அடித்தது. கோரின்.

"வெர்னா, தொந்தரவு பண்றேன். பிரைஸ் அஞ்சு மணிக்கே வரேன்னு சொன்னான். போன் போகல. உங்க இடத்துலதான் இருப்பான். எனக்கு அது எங்கன்னு சரியாத் தெரியாது. உங்களுக்குத்தானே தெரியும்."

மைரோன் வண்டியை எடுத்தான். சூரியன் வயல் விளிம்பில் சிவந்து உட்கார்ந்திருந்தது. கரையில் இறங்கியதுமே டயர்த்தடம் தெரிந்தது. அது நாணலைச் சுற்றி, முதல் மரத்தைத் தாண்டி, இரண்டாவது மரத்திலிருந்து ஏரிப்பக்கம் திரும்பியது. அங்கிருந்து கொஞ்ச தூரந்தான். அதற்குமேல் தடம் இல்லை. ஒரு வீட்டுக்கூடம் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். மேலே ஒரு கையுறையும் வாளியும் மிதந்தன. வாளி காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெர்னா பனியில் காலை வைத்தாள். மைரோன் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"விடு என்னை."

"பைத்தியமா உனக்கு? நீயும் போகணுமா?"

"அவன் உள்ள இருக்கான் மைரோன்."

"இருக்கான். மணி ஏழாகப் போகுது. இருக்கான்" என்றான் மைரோன். கோட்டை அவன் விடவேயில்லை.

தீயணைப்புத் தொண்டர்கள் கயிறும் ஏணியுமாக வந்தார்கள். மறுநாள் நகரத்திலிருந்து முக்குளிப்பவர்கள் வந்து அவனை எடுத்தார்கள். பன்னிரண்டடித் தண்ணீர். வண்டியின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. ஒரு தோள் வெளியே வந்திருந்ததாம். குறிப்பெடுக்க வந்த போலீஸ்காரர் வெர்னாவைக் கேட்டார்: "இங்க அடிக்கடி வருவாரா?"

"ஜனவரிலருந்து வர்றான்" என்றாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

அடக்கம் அவன் பிறந்த ஊரில், தெற்கே இரண்டு மணி நேரத் தொலைவில் நடந்தது. இங்கிருந்து ஒரு பஸ் நிறையப் போனார்கள், வெர்னாதான் ஓட்டினாள். எல்லாம் முடிந்தபின் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்னும் பன்றி இறைச்சியும் காப்பியும் வைத்திருந்தார்கள். கோரின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவளிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ் மாதிரி இருந்தது.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். அந்த ஊர்ல யாரும் அவனை உள்ள சேத்துக்கல. உங்களுக்கே தெரியும். நீங்க ஒருத்தர்தான் உங்க இடத்தையே குடுத்தீங்க. எவ்வளவு பெரிய விஷயம்னு அவன் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களாமே. எங்கிட்டகூட அது எங்கன்னு சரியாச் சொல்லல."

போனை எடுத்துக் காட்டினாள். பிரைஸ், மூக்கு சிவந்து, பல்லெல்லாம் தெரிய, ஒரு சாண் மீனைத் தூக்கிப் பிடித்திருந்தான். படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. கீழே தனக்காக எழுதி வைத்திருந்தான்: வெர்னா சொன்ன இடம்.

வெர்னா அந்த எழுத்தை இரண்டு தடவை படித்தாள். "நல்ல பையன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு வெளியே போய் பஸ்ஸில் ஏறி, கதவை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தாள்.

அவன் மட்டும் வாக்குத் தவறியிருந்தால்! ஊரில் ஒருவனிடமாவது உளறியிருந்தால், அந்த ஒருவன் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லியிருப்பான். ஊரே அடித்த கூத்தில் அவன் ஒருவன்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான். அன்றிலிருந்து வெர்னாவுக்குத் தூக்கம் போயிற்று.

மைரோன் சொன்னான்: "வாய மூடிக்கிட்டு இரு. மீன் எங்க கெடைக்கும்னு இந்த மாகாணத்துல எவன் நெஜம் சொல்றான்? நீ தள்ளியா விட்ட?"

"அன்னைக்கு மதியம் பாத்தேனே."

"பாத்துப் போன்னு சொன்னேல்ல?"

"'பாத்து'ன்னுதான் சொன்னேன். 'போ'ன்னு முடிக்கக்கூட இல்ல."

தினமும் காலையில் பஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்கும்போது அலுவலக ஜன்னலில் கோரின் கையசைப்பாள். ஏப்ரல் முழுவதும் வெர்னா பதிலுக்குக் கையசைத்தாள். கிரேன் கொண்டுவந்து வண்டியைத் தூக்கினார்கள். பனி உடைந்து, ஏரி திறந்து, நாரைகள் வந்தன.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோரின் வரச் சொன்னாள். கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே பிரைஸின் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் நான்கு தூண்டில் கம்புகள் சாய்ந்திருந்தன.

"இதெல்லாம் நீங்கதான் எடுத்துக்கணும். வேற யாருக்கும் குடுக்க மனசு வரல."

வெர்னா வாசலைத் தாண்டவில்லை. "என்னால எடுத்துக்க முடியாது."

"ஏன்?"

"அது என் இடம் இல்ல கோரின். நான் பொய் சொன்னேன்."

கோரின் கையில் ஒரு தூண்டில் பெட்டி இருந்தது. அதை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"என்ன சொல்றீங்க?"

வெர்னா சொன்னாள். காப்பி மூலையை, லாடியின் சிரிப்பை, அறுபது அடியை, தன் சிரிப்பையும் விடாமல் சொன்னாள்.

"அங்க மீனே கிடையாதா?"

"பெரிசு வராது. எப்பவும் வந்ததில்ல."

"மார்ச்சுல அங்க ஐஸ் போயிரும்னு தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கு அவனைப் பாத்தியா?"

"பாத்தேன். பெட்ரோல் பங்குல."

"என்ன சொன்ன?"

வெர்னா அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னாள். வாயிலிருந்து வந்தபோது அது முன்னைவிடச் சிறிதாக இருந்தது.

கோரின் கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை.

"அவன் போயிட்டான். அது எப்பவோ முடிஞ்சு போச்சு. இந்த ஊர்ல ஒருத்தராவது அவனை மனுஷனா மதிச்சாங்கன்னு ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தேன். ராத்திரி அதை நெனச்சுக்கிட்டுத்தான் படுப்பேன். அதையும் ஏன் எடுத்துட்டுப் போக வந்த?"

"உன்னை ஏமாத்திக்கிட்டே இருக்க முடியல..."

"உன்னால முடியல. உன் மனசு பாரம் இறங்கணும். அதுக்கு நான்தானா கெடச்சேன்?" எழுந்து, கராஜ் கதவின் பொத்தானை அழுத்தினாள். கதவு கிரீச்சிட்டுக்கொண்டு இறங்க, முதலில் அவள் முகம் மறைந்தது, பிறகு கைகள், கடைசியில் செருப்பு.

அடுத்த நாள் வெர்னா போலீசுக்குப் போய்ச் சொன்னாள். அதே போலீஸ்காரர்தான் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "இதுக்கு எந்தச் சட்டமும் இல்லம்மா" என்றார். "வீட்டுக்குப் போங்க."

காப்பி மூலைக்கும் போனாள். கோரினிடமும் போலீசிடமும் தன் வாயாலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர்கள் அவளைத் திட்டுவார்கள், குறைந்தது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தாள். லாடி எழுந்து அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"உக்காரு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. வண்டியை விடறவனுக்குக் கண்ணு வேணாமா? மீன் எங்கன்னு எங்கப்பா எனக்கே பொய்தான் சொன்னாரு, நான் செத்தா போனேன்? நீ ஏன் இதைப் போயி தோண்டுற?"

"நீங்க இங்க பொறந்தீங்க லாடி. அவன் நம்பினான்."

"சரி, விடு. காப்பி ஆறுது."

ஒருவர் சர்க்கரையை அவள் பக்கம் தள்ளினார். பேச்சு கனோலா விதைப்புக்கு மாறியது. அந்த வாரம் முழுக்க ஊரில் எல்லோரும் அவளிடம் வழக்கத்தைவிட அன்பாக இருந்தார்கள். யாரோ ஒருத்தி வீட்டு வாசலில் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோறு ஒரு தட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். வெர்னா அதைக் குப்பையில் கொட்டினாள். அன்றே காப்பி மூலைக்குப் போவதையும் விட்டாள்.

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் முடிந்த மறுநாள் கோரின் வீட்டைக் காலி செய்தாள். அவள் அண்ணன் ஒரு டிரெய்லரோடு வந்திருந்தான். மைரோன் காலையிலேயே உதவிக்குக் கிளம்பினான். வெர்னாவும் பின்னாலேயே போனாள்.

கோரின் அவளைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அண்ணனுக்கு விஷயம் தெரியாது போலிருந்தது. "அந்தப் பக்கம் பிடிங்க" என்றான். வெர்னா பிடித்தாள். மெத்தை, மேசை, துணி அலமாரி, பாத்திரப் பெட்டிகள் என்று இரண்டு மணி நேரம் தூக்கினாள். படியில் எதிரெதிரே வரும்போது கோரின் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். ஒருமுறை கண்ணாடிப் பெட்டியின் கனத்தில் வெர்னா தடுமாறியபோது கோரின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவரும் அதை டிரெய்லர்வரை கொண்டுபோய் வைத்தார்கள்.

எல்லாம் ஏற்றியாயிற்று. அண்ணன் கயிறு கட்டினான். கோரின் மைரோனுடன் கைகுலுக்கினாள். காரில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டாள். கார் சரளைச் சாலையில் திரும்பித் தெற்கே போனது. வயல்வெளியில் எதுவும் மறைக்காது. வெகுதூரம் வரைக்கும் அதன் புழுதி எழுந்துகொண்டே இருந்தது.

"வா, போகலாம்" என்றான் மைரோன்.

"நீ போ. நான் பின்னால வர்றேன்."

வீடு வாங்கியவர்கள் அடுத்த நாள் வருவதாக இருந்தது. வெர்னா உள்ளே போனாள். சமையலறை மூலையில் ஒரு துடைப்பம் மட்டும் விட்டுப்போயிருந்தார்கள். அதை எடுத்து அறை அறையாகப் பெருக்க ஆரம்பித்தாள்.